சாவியும் கணக்கும்: இந்திய மனநல மருத்துவமனைகளில் செவிலியர் பற்றாக்குறையின் வரலாறு

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 97-ஆம் பிரிவு நோயாளியைக் கட்டுப்படுத்தி வைத்தலைப் பற்றியது. தனிமைச் சிறைபோல் அடைத்து வைத்தலை அப்பிரிவு முற்றாகத் தடை செய்கிறது. உடலைக் கட்டுப்படுத்துதல் உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான நேரத்திற்கு மட்டுமே நிகழலாம் என்கிறது. அதனோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறது: ஊழியர் போதவில்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி எந்த மனநல நிறுவனமும் நோயாளியைக் கட்டி வைத்தல் ஆகாது.

எங்கும் நடவாத ஒன்றைத் தடை செய்யச் சட்டம் எழுதப்படுவதில்லை. அவ்வகையில் இத்தொடர் ஒரு தடையாணை மட்டுமன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வழக்கத்தைப் பற்றிய ஒப்புதலும் ஆகும். இந்திய மனநல மருத்துவமனைகளின் வார்டுகளில் ஆள் இல்லாத இடத்தைப் பூட்டும் கயிறும் நிரப்பி வந்தன என்பதை நாடாளுமன்றம் எழுத்தில் ஏற்றுக்கொண்ட இடம் இது. அந்த வழக்கம் எப்படித் தோன்றியது, எவ்வாறு இயல்பானதாக மாறியது, அதைத் தாங்கி நின்றவர்கள் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை தேடினால், நீண்டகாலப் பராமரிப்பின் இந்திய வரலாறு வேறொரு கோணத்தில் புலப்படும்.

காவலரிலிருந்து செவிலியர் வரை

குடியேற்ற ஆட்சிக்காலக் காப்பகங்களுக்குச் செவிலியம் ஓர் அடிப்படைத் தேவையாகத் தோன்றவில்லை. 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கிய காப்பகங்களின் முதன்மைப் பணி அடைத்து வைத்தல். சுற்றுச்சுவர், பூட்டிய கதவு, காவல் ஆள் ஆகிய மூன்றும் இருந்தால் காப்பகம் இயங்கும் என்பதே அக்கால நிர்வாகத்தின் கணிப்பு. பல மாகாணங்களில் அவை சிறைத்துறைத் தலைமை ஆய்வாளரின் பொறுப்பிலேயே இருந்தன. 1912-ஆம் ஆண்டின் இந்தியச் சித்தப்பிரமைச் சட்டத்தை ஒட்டிய காலத்தில்தான் அவை மருத்துவ அதிகாரிகளின் கைக்கு முழுமையாக வந்தன. 1920-களின் தொடக்கத்தில் 'காப்பகம்' என்ற பெயர் நீங்கி 'மனநல மருத்துவமனை' என்ற பெயர் நிலைபெற்றது. 1794-இல் தோன்றி, 1871-இல் கீழ்ப்பாக்கத்திற்கு இடம் மாறிய சென்னைக் காப்பகமும் அக்காலத்தில்தான் மருத்துவமனை என்னும் பெயரைப் பெற்றது.

பெயர் மாறிய வேகத்தில் ஆள்பலம் மாறவில்லை. வார்டுக்குள் நோயாளியோடு பகலும் இரவும் இருந்தவர் பயிற்சி பெற்ற செவிலியர் அல்லர். முன்னர் 'வார்டர்' எனப்பட்ட அதே காவல் ஊழியர். அவருடைய கடமை எண்ணுதலும் பூட்டுதலும் ஆகும். மாலையில் எத்தனை பேர் உள்ளே சென்றனரோ அத்தனை பேரும் காலையில் வெளியே வரவேண்டும். இக்கணக்கு சரியாக இருந்தால் அவர் பணி சரியாக முடிந்தது என்று பொருள்.

ராஞ்சியை அடுத்த காங்கே இவ்வரலாற்றின் ஓர் உரைகல். 1918-இல் ஐரோப்பியருக்கென ஒரு மனநல மருத்துவமனை அங்குத் தொடங்கப்பட்டது. 1925-இல் பாட்னாவிலிருந்த இந்தியருக்கான காப்பகம் அதே ஊருக்கு இடம்பெயர்ந்தது. ஒரே ஊரில், ஒரே அரசின் கீழ், இரு மருத்துவமனைகள் அருகருகே நின்றன. முன்னது ஓவன் பெர்க்லி-ஹில் என்னும் கண்காணிப்பாளரின் காலத்தில் தொழில்வழிச் சிகிச்சை முதலிய புதிய முறைகளுக்குப் பெயர் பெற்றது. பின்னது பெருங்கூட்டத்தைக் கொண்ட காப்பகமாகவே நெடுங்காலம் நீடித்தது. எந்த நோயாளிக்கு எத்தனை கைகள் தேவை என்னும் வினாவுக்கு அக்காலத்தில் மருத்துவம் மட்டும் விடை சொல்லவில்லை. இனமும் சேர்ந்து சொன்னது.

1946: எண்கள் எழுதப்பட்ட ஆண்டு

1943-இல் அமைக்கப்பட்டு 1946-இல் அறிக்கை அளித்த சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, இந்தியச் சுகாதார வரலாற்றின் அடிப்படை ஆவணம் ஒன்றை விட்டுச் சென்றது. பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் அப்போது ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்தனர். 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்பது அதன் பொருள். பிரிட்டனில் 300 பேருக்கு ஒருவர் இருந்தார். 500 பேருக்கு ஒரு செவிலியர் என்னும் நிலையை அடைவதைக் குழு தன் நீண்டகால இலக்காக வைத்தது. அதற்கு 7,40,000 செவிலியர் வேண்டும் எனக் கணக்கிட்டது. மனநலத் துறையில் சுமார் 10,000 படுக்கைகளே இருந்தன. அதாவது 40,000 மக்களுக்கு ஒரு படுக்கை.

அக்குழுவுக்காக மனநல மருத்துவமனைகளை நேரில் பார்வையிட்டவர் ராஞ்சி ஐரோப்பிய மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த மூர் டெய்லர். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பு லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த எட்வர்ட் மேப்போதர் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்து காப்பகங்களைக் கண்டு கடுமையாக எழுதியிருந்தார். டெய்லரின் முடிவும் அதையே உறுதிப்படுத்தியது. தாம் கண்ட ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஊழியர் எண்ணிக்கை வெட்கத்திற்குரிய அளவில் குறைவாக இருப்பதாகவும், இருப்பவர்களால் நோயாளிகளை மேலோட்டமாக ஒரு பார்வை பார்ப்பதற்கு மேல் எதுவும் இயலாது என்றும் அவர் பதிவு செய்தார். கட்டடங்கள் குணப்படுத்துவதற்காக அன்றி அடைத்து வைப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டவை என்பதும் அவருடைய கண்டறிதல்.

இங்கே ஒரு நுட்பம் கவனத்திற்குரியது. கட்டடக் குறையும் ஆள் குறையும் இரு வேறு குறைகள் அல்ல. சிறையைப் போன்ற கட்டடத்தை ஒரு சிலரே கட்டுப்படுத்த முடியும். அதற்காகவே சிறை அவ்வாறு கட்டப்படுகிறது. திறந்த வார்டுக்குக் கூடுதல் கண்கள் தேவை. ஆகவே பூட்டிய வார்டு என்பது செங்கல்லால் கட்டப்பட்ட ஆள்குறைப்பு ஆணை. பிற்காலத்தில் யாரேனும் கதவைத் திறக்க விரும்பினாலும், முதலில் ஆளைக் கேட்க வேண்டியிருந்தது.

ஒரு நாற்காலிக்கு எத்தனை பேர்?

செவிலியர் பற்றாக்குறையைப் பற்றிய விவாதங்களில் விகிதங்கள் அடிக்கடி பேசப்படுகின்றன. அவ்விகிதங்கள் வார்டில் என்னவாக மாறுகின்றன என்பது அரிதாகவே பேசப்படுகிறது.

ஒரு வார்டில் எந்நேரமும் ஒரே ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்று கொள்வோம். நாளொன்றுக்கு எட்டு மணி நேரப் பணிவேளைகள் மூன்று; ஆண்டுக்கு 1,095. ஒருவர் வார ஓய்வு 52 நாளும், விடுப்பும் பண்டிகை நாளுமாக 45 நாளும் எடுத்துக்கொண்டால் அவர் பணிக்கு வரும் நாள்கள் 268. 1,095-ஐ 268-ஆல் வகுத்தால் நான்குக்குச் சற்று மேல் வரும். அதாவது, ஒரு நாற்காலி ஒருபோதும் காலியாகாமல் இருக்க நான்கு பேருக்கு மேல் நியமிக்க வேண்டும்.

1990-களின் தொடக்கத்தில் மத்திய நிதியமைச்சகத்தின் ஊழியர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவுகோல் பொது வார்டுக்கு ஆறு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்று கூறியது. விடுப்புக்கால ஈடாக ஒரு பங்கைத் தனியே சேர்த்தது. இதைக் கேட்பவர் ஒவ்வொரு ஆறு கட்டிலுக்கு அருகிலும் ஒருவர் நிற்பதாக எண்ணக்கூடும். 60 படுக்கைகள் கொண்ட வார்டுக்கு அது பத்துப் பணியிடங்கள். ஈட்டையும் சேர்த்தால் பதினான்கு எனக் கொள்ளலாம். மேற்கண்ட கணக்கின்படி அது ஒரு வேளைக்கு மூவர் அல்லது நால்வர். பணியிடங்களில் பாதி காலியாக இருந்தால் ஒரு வேளைக்கு இருவர்கூட முழுமையாகத் தேறார். குளிப்பாட்டலும் மருந்தும் உணவும் மருத்துவர் வருகையும் காலையில் குவிவதால், இருப்பவரைக் காலைக்கு ஒதுக்குவதைத் தவிர மேற்பார்வைச் செவிலியருக்கு வேறு வழியில்லை. எஞ்சுவது இரவில் ஒருவர். காகிதத்தில் ஆறுக்கு ஒன்றாகத் தொடங்கிய விகிதம், நள்ளிரவில் அறுபதுக்கு ஒன்றாக முடிகிறது. இதில் எவரும் விதியை மீறவில்லை. எவரும் பொய் சொல்லவில்லை. வகுத்தல் கணக்கு மட்டுமே நடந்தது.

அந்த ஒருவர் ஒரு நோயாளிக்கு வலிப்பு வந்து அருகில் அமர்ந்தால், மற்ற ஐம்பத்தொன்பது பேருக்கும் அந்நேரத்தில் செவிலியர் இல்லை.

சமாளிப்பின் மூன்று வழிகள்

இந்த வெற்றிடத்தை மருத்துவமனைகள் மூன்று வழிகளில் நிரப்பின.

முதலாவது பூட்டு. பகலில் முற்றத்திலும் இரவில் கூடத்திலும் அடைத்து வைத்தால் நூறு பேரையும் ஓரிருவர் 'பார்த்துக்கொள்ளலாம்'. 1950-களில் குளோர்ப்ரோமசின் முதலிய மருந்துகள் வந்தபின் இரும்புப் பூட்டின் தேவை குறைந்தது. அவை எண்ணற்ற நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பின என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆள் இல்லாத வார்டில் அதே மருந்து வேறொரு பயனையும் பெற்றது: உறங்குபவர் எழுந்து நடப்பதில்லை, நடக்காதவரைக் கண்காணிக்க ஆள் வேண்டியதில்லை. மருந்தின் அளவை நோயின் தன்மை முடிவு செய்கிறதா, இரவுப் பணியாளரின் எண்ணிக்கை முடிவு செய்கிறதா என்பது உலகெங்கும் நீண்டகாலப் பராமரிப்பு நிறுவனங்களைப் பின்தொடரும் வினா.

இரண்டாவது வழி நோயாளிகளே. குடியேற்ற ஆட்சிக்காலக் காப்பகங்களில் தோட்டம், சமையல், நெசவு, துப்புரவு ஆகியவற்றில் நோயாளிகளின் உழைப்பு செலவைக் குறைக்கப் பயன்பட்டது. வேலை மனத்தை ஆற்றும் என்னும் கொள்கையும் வேலையாள் மிச்சமாகும் என்னும் கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. வார்டுக்குள்ளும் இதுவே நடந்தது. சற்றுத் தேறிய நோயாளி தேறாதவருக்கு ஊட்டினார். படுத்த படுக்கையாக இருப்பவரைப் புரட்டிப் போட்டார். யாரேனும் விழுந்தால் ஓடிவந்து சொன்னார். அவருக்கு ஊதியம் இல்லை. பணிப் பதிவேட்டில் பெயரும் இல்லை. இதில் ஒரு கொடிய முரண் உண்டு. வீட்டுக்குப் போகும் அளவுக்குத் தேறியவரே வார்டுக்கு மிகவும் தேவைப்பட்டவர்.

மூன்றாவது வழி உறவினர். இது இந்தியாவின் தனிப்பங்களிப்பு என்று மனநல மருத்துவ வரலாற்றாளர் போற்றும் ஒன்று. பிரிவினைக்குப் பின் 1950-இல் லாகூர் மனநல மருத்துவமனையிலிருந்த முஸ்லிம் அல்லாத நோயாளிகள் இந்தியாவுக்கு மாற்றப்பட்டபோது, அவர்களில் பலர் அமிர்தசரசில் சேர்க்கப்பட்டனர். அம்மருத்துவமனையின் கண்காணிப்பாளரான வித்யா சாகர், இடமும் ஆளும் போதாத நிலையில், நோயாளிகளின் குடும்பத்தாரை வரவழைத்து வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். தாயோ மனைவியோ உடன்பிறந்தவரோ அருகிலிருந்தபோது நோயாளியின் அச்சம் தணிந்தது. நோயைப் பற்றிய குடும்பத்தின் அச்சமும் தணிந்தது. வீடு திரும்புவது விரைவானது. 1957-இல் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன் தங்கும் முறையைத் தன் அடித்தளமாகக் கொண்டது. மேலைநாட்டு மருத்துவமனைகள் குடும்பத்தை வாயிலுக்கு வெளியே நிறுத்திய காலத்தில் இங்கு அது சிகிச்சையின் பங்காளியானது.

இச்சாதனையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் அது பிறந்த சூழலையும் அதன் பிற்கால வாழ்வையும் சேர்த்தே படிக்க வேண்டும். சிகிச்சைக் காரணத்திற்காக வரவேற்கப்பட்ட உறவினர், நாளடைவில் ஆள்பற்றாக்குறையின் நிலையான விடையானார். இன்று பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் உடன் ஒருவர் தங்குவது எழுதாத விதி. கழிவறைக்கு அழைத்துச் செல்லுதல், ஊட்டுதல், துடைத்துவிடுதல், குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்ததைக் கவனித்தல் ஆகியவை அவருடைய வேலைகள். அவ்வாறு தங்குபவர் பெரும்பாலும் பெண். அவர் இழக்கும் கூலி எந்தச் சுகாதாரக் கணக்கிலும் ஏறுவதில்லை. உறவினரை மையமாகக் கொண்ட ஏற்பாட்டில் மிகவும் கைவிடப்படுபவர் உறவினர் இல்லாதவர். மனநல மருத்துவமனையின் நீண்டநாள் வார்டுகளில் பத்தாண்டும் இருபதாண்டுமாகத் தங்கிவிட்டவர்கள் அவர்களே.

பதிவேட்டின் மௌனம்

இம்மூன்று வழிகளுக்கும் நடுவில் நின்றவர் செவிலியர். தனித்து நின்ற இரவில் அவர் செய்தவை பாடநூலில் இல்லாத ஒரு தொழிலறிவு. வலிப்பு வருபவரையும் தற்கொலைக்கு முயன்றவரையும் தன் மேசைக்கு அருகிலுள்ள கட்டில்களுக்கு மாற்றுதல். சண்டையிடக் கூடிய இருவரைக் கூடத்தின் இரு கோடிகளில் படுக்க வைத்தல். விளக்கணையும் முன் மருந்துச் சுற்றை முடித்தல். எதை இப்போதே செய்ய வேண்டும், எதைக் காலைவரை விடலாம், எதைச் செய்யாமலே விட்டுவிடலாம் என்று வரிசைப்படுத்துதல்.

இந்தக் கடைசி வகைக்கு ஆய்வுலகம் பெயரிட வெகுகாலம் ஆயிற்று. அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் பீட்ரிஸ் கேலிஷ் 2006-இல் அதை 'விடுபட்ட பராமரிப்பு' என்று வரையறுத்தார். ஆள் குறையும்போது முதலில் விடுபடுபவை மருந்தும் ஊசியும் அல்ல. நடக்க வைத்தல், புரட்டிப் படுக்க வைத்தல், வாய் கழுவுதல், அருகில் அமர்ந்து பேசுதல் ஆகியவையே விடுபடுகின்றன. அறுவைச் சிகிச்சை வார்டில் இவை துணைப்பணிகளாகத் தோன்றலாம். நீண்டகாலப் பராமரிப்பில் இவையே முதன்மைப் பணி. அங்குச் சிகிச்சை என்பதே பெரும்பாலும் இவற்றின் தொகுப்புதான்.

2002-இல் லிண்டா ஐகென் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம் அறுவைச் சிகிச்சைக்குப் பின் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்வதைக் காட்டினர். செவிலியர் மனம் சோர்ந்து தளரும் வாய்ப்பு 23 விழுக்காடு உயர்ந்தது. கலிபோர்னியா 1999-இல் இயற்றி 2004 முதல் நடைமுறைப்படுத்திய செவிலியர் விகிதச் சட்டத்தைப் பற்றிய விவாதங்களில் இத்தகைய சான்றுகள் முன்வைக்கப்பட்டன. நீண்டகால வார்டுகளில் இழப்பு இவ்வளவு தெளிவாகக் கணக்கில் வராது. படுக்கைப்புண், வழுக்கி விழுதல், உடல் மெலிதல், பேச்சற்றுப் போதல் ஆகியவை மெல்ல நிகழ்பவை. அவற்றுக்கு நாள் குறிக்க இயலாது.

மேலும், காலையில் பணியை ஒப்படைக்கும்போது செவிலியர் எழுதும் குறிப்பு நடந்தவற்றின் பதிவு. நடவாமல் போனவற்றின் பதிவு அன்று. இரவு அமைதியாகக் கழிந்தது என்ற வகையான ஒற்றை வரி, எத்தனை செயல்களைக் கைவிட்டதால் அந்த அமைதி கிட்டியது என்பதைச் சொல்வதில்லை. திறமையாகச் சமாளித்த ஒவ்வோர் இரவும், அந்த வார்டுக்கு ஒருவரே போதும் என்பதற்கு நிர்வாகத்தின் கையில் ஒரு சான்றாகிறது. சமாளிக்க முடியாமல் போன இரவு அந்த ஒருவரின் கவனக்குறைவாகிறது. ஆகவே பற்றாக்குறையின் ஆவணம் இருபுறமும் அழிகிறது: வென்றால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, தோற்றால் அது தனிமனிதப் பிழையாகப் பெயர் மாறுகிறது. வரலாற்றாய்வாளர் பதிவேடுகளை மட்டும் நம்பினால் இந்த இழப்பைக் காண முடியாமைக்குக் காரணம் இதுவே.

குழுக்களும் நீதிமன்றங்களும்

அறியாமையால் இக்குறை நீடித்தது என்று சொல்ல இடமில்லை. 1954-இல் சென்னை மாநிலச் சுகாதார அமைச்சர் ஏ. பி. ஷெட்டி தலைமையிலான குழு செவிலியரின் பணிநிலைமைகளை ஆராய்ந்தது. 1987-இல் அமைக்கப்பட்டு, சரோஜினி வரதப்பன் தலைமையில் தன் பணியை நிறைவு செய்த உயர்நிலைக் குழு, வாரத்திற்கு 40 மணி நேரப் பணி, கட்டாய வார ஓய்வு, கூடுதல் நேரத்திற்கு ஈடு ஆகியவற்றோடு ஆள்பல அளவுகோல்களையும் பரிந்துரைத்தது. பரிந்துரைகள் இருந்தன, அவற்றை நிறைவேற்றாவிட்டால் யார் பொறுப்பு என்னும் விதி இல்லை.

பூட்டிய வார்டைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது பொதுநல வழக்கு. 1980-களில் காங்கே மானசிக ஆரோக்கியசாலையின் நிலை குறித்து ராகேஷ் சந்திர நாராயண் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உணவு, மருந்து, ஆள் நியமனம் ஆகியவற்றைத் தானே கண்காணிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. 1997-இல் ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் மருத்துவமனைகளின் மேற்பார்வையை அந்நீதிமன்றம் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு நாடெங்கும் ஆய்வு நடத்திய ஆணையம் 1999-இல் வெளியிட்ட அறிக்கை, பல மருத்துவமனைகள் இன்னும் சிறை அமைப்பிலேயே இருப்பதையும், மனநலச் செவிலியத்தில் பயிற்சி பெற்றவர்கள் மிகச் சில இடங்களிலேயே இருப்பதையும் பதிவு செய்தது. மூர் டெய்லர் எழுதி அப்போது 53 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவ்வறிக்கை வந்து இரண்டாண்டு கழித்து, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தனர். அந்நிகழ்வு மூடநம்பிக்கையின் விளைவாகவே பெரிதும் பேசப்பட்டது. ஆனால் சங்கிலி ஒரு நம்பிக்கையின் சின்னம் மட்டுமன்று; அது ஆளுக்குப் பதிலாக வைக்கப்பட்ட பொருள். விழித்திருக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் செய்ய வேண்டிய பணியை இரும்பு செய்தது. இரும்பால் தீயைக் கண்டு கதவைத் திறக்க முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அவ்வழக்கை எடுத்துக்கொண்டது, சங்கிலி தடைசெய்யப்பட்டது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95-ஆம் பிரிவில் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் ஆகாது என்று எழுதப்பட்டதன் பின்னணியில் அந்த அதிகாலை இருக்கிறது.

செவிலியர் எங்கே போயினர்?

போர் குழுவின் காலத்தில் நாட்டில் செவிலியரே இல்லை. இன்றைய நிலை வேறு. வளைகுடா நாடுகள் தொடங்கி பிரிட்டன், அமெரிக்கா வரை இந்தியச் செவிலியர் பணிபுரிகின்றனர். கேரளத்தின் பல குடும்பங்களின் பொருளாதாரமே அவர்களைச் சார்ந்தது. பயிற்சி பெற்றவர் இருக்கிறார். பணியிடம் காலியாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஊதியமும் ஒப்பந்தமும் ஆகும்.

2011-12-இல் கேரளத்திலும் பிற மாநிலங்களிலும் தனியார் மருத்துவமனைச் செவிலியர் நடத்திய வேலைநிறுத்தங்கள் ஊதியத்தையும், சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் பிணைமுறி வழக்கத்தையும் எதிர்த்தவை. நோயாளி எண்ணிக்கையும் அவற்றில் ஒரு கோரிக்கை. 2016 ஜனவரியில் இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த உத்தரவையொட்டி அமைந்த மத்தியக் குழு, 50 படுக்கைகளுக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வேண்டும் என்றது. 2018-இல் கேரள அரசு அந்த அடிப்படை ஊதியத்தை அறிவிக்கை செய்தது. போராட்டங்கள் ஊதியத்தை ஓரளவு உயர்த்தின. ஒரு செவிலியரிடம் எத்தனை நோயாளிகளை ஒப்படைக்கலாம் என்னும் உச்சவரம்பு மட்டும், மீறினால் தண்டனை உள்ள சட்டமாக நாடு முழுமைக்கும் இன்னும் ஆகவில்லை.

எஞ்சியிருக்கும் வினா

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயது கடந்தவர்கள் பத்துக் கோடிக்கு மேல், மக்கள்தொகையில் 8.6 விழுக்காடு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மாவட்டந்தோறும் ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் ஒன்றேனும் அமைக்கப்படலாம் என்கிறது. படுக்கையின் எண்ணிக்கை சட்டத்திலேயே இடம்பெற்றது. செவிலியரின் எண்ணிக்கை மாநில அரசுகளின் திட்டங்களுக்கு விடப்பட்டது. மனநல மருத்துவமனைகள் கடந்து வந்த பாதையின் முதற்படியும் இதுவே: முதலில் கட்டில், பிறகு சுவர், கடைசியில் ஆள்.

97-ஆம் பிரிவின் தொடருக்கு மீண்டும் வரலாம். ஆள் போதவில்லை என்பதற்காக நோயாளியைக் கட்டக் கூடாது என்பது நோயாளியின் உரிமையில் ஒரு பெரும் முன்னேற்றம். அதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அத்தொடர் விளைவைத் தடை செய்கிறது; காரணத்தைத் தடை செய்யவில்லை. இரவு இரண்டு மணிக்கு அறுபது பேருக்கு நடுவில் தனியே நிற்கும் செவிலியர், ஒருவர் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ள முயலும்போது, அவரைக் கட்டினால் சட்டத்தை மீறியவர். கட்டாவிட்டால் கடமையில் தவறியவர். அவரை அங்குத் தனியே நிறுத்திய பணிப்பட்டியல் மட்டும் எக்குற்றத்திற்கும் உள்ளாவதில்லை.

பூட்டு, நோயாளியின் கை, உறவினரின் விழிப்பு என்னும் மூன்றும் இந்நாட்டில் செவிலியரின் இடத்தை நெடுங்காலம் நிரப்பின. முதலாவதைச் சட்டம் விலக்கிவிட்டது. கூலியின்றி வேலை வாங்குவதையும் அதே சட்டம் ஏற்பதில்லை. மூன்றாவது, குடும்பங்கள் சுருங்கி ஊர்விட்டு ஊர் சிதறும் காலத்தில் தானே மெலிந்து வருகிறது. இம்மூன்றும் விலகிய பின் எஞ்சுவது அந்த வகுத்தல் கணக்கு ஒன்றே. ஒரு நாற்காலிக்கு நான்கு பேருக்கு மேல் என்னும் அவ்விடையை யார் ஏற்பது, எந்த வரவுசெலவுத் திட்டத்தில் எழுதுவது என்பதே 1946 முதல் ஒத்திவைக்கப்பட்டு வரும் வினா.